பரீட்சைக்குப் போட்ட பூட்டு

"தம்பி, கப்பலைக் காணோம்."

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு அழகப்பன் அண்ணன் நின்றார். இடுப்பில் கைலி, மேலே பனியன். அந்த மனிதரைப் பனியனோடு வீட்டுக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வெல்டராக இருந்தவர். குப்பை போடப் போனாலும் சட்டையை மாட்டி, கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டுதான் போவார்.

"காணோம்னா? கம்ப்யூட்டர்லயாண்ணே?"

"அந்தப் பக்கம் தொறக்கவே மாட்டேங்குது. திங்கக்கெழம பாத்தேன், நல்லா வந்துச்சு. செவ்வாய்லருந்து இல்ல. ரஞ்சிதம் சொல்லுச்சு, வெப்சைட்ட ரிப்பேர் பண்றாங்க, ரெண்டு நாள்ல வந்துரும்னு. வரல லா. இன்னிக்கும் வரல."

அடுப்படியிலிருந்து என் மனைவி ரபியா, "சோறு ஆறிடும், சாப்பிட்டுப் போங்க" என்றாள். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்கிற மாதிரி அது இல்லை. போன வருஷம்தான் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

தேக்கா கடைத்தெருவில் ஒரு மாடிக் கடையில் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன். இந்தத் தொழிலில் தலைநரைத்தது மிச்சம், ஒரு விஷயம் மட்டும் உறுதியாகத் தெரியும். கடைக்கு வருகிற எல்லாரும், "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா கெட்டுப்போச்சு" என்பார்கள். டாக்டரும் சொல்வார், டாக்சி ஓட்டுநரும் சொல்வார். எதுவும் அதுவாகக் கெடாது. யாரோ எதையோ தொட்டிருப்பார்கள். யார் தொட்டது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அது தெரிந்தும் அன்றைக்கு எனக்கு உடனே உறைக்கவில்லை.

அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர் கூடத்தில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகன் அகிலன் பாலிடெக்னிக்கில் படித்தபோது நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இப்போது அகிலன் எண்ணெய்க் கப்பல் ஒன்றில் இரண்டாவது எஞ்சினியர். ஒரே பிள்ளை. கப்பல் பெயர் ஸ்டெல்லா நோரா. உலகத்தில் ஓடுகிற கப்பல்களையெல்லாம் கடல் படத்தின் மேல் சின்னச் சின்ன அம்புக்குறியாகக் காட்டும் வெப்சைட் ஒன்று உண்டு. பெயரைத் தட்டினால் அந்தக் கப்பல் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று சொல்லிவிடும். மகன் கப்பல் ஏறிய நாளிலிருந்து அண்ணன் காலையில் குளித்து, விபூதி பூசி, கோப்பி குடிப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார். பார்த்து அடுப்படிக்குச் சத்தமாகச் செய்தி சொல்வார். "பன்னண்டு நாட் வேகத்துல போறான். மேற்கு பாத்துப் போறான்." அந்தக் கப்பலை அவர் 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அவன்'தான்.

கண் ஆபரேஷன் செய்ததிலிருந்து போன் திரை அவருக்குச் சரிப்படாது. அவர் வைத்திருப்பதும் பொத்தான் போன். கம்ப்யூட்டர் ஒன்றுதான் அவருக்கு வழி.

நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில், 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று ஒரு வரி ஆங்கிலத்தில் நின்றது. ரவுட்டரைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. தலையில் விபூதிப் பட்டை வேறு.

"அண்ணே, காத்து போற ஓட்டையிலெல்லாம் சந்தனத்த அப்பி வெச்சிருக்கீங்க. மூச்சு முட்டிருக்கும் பாவம்."

வேறு நாளாக இருந்தால், "உங்க கடையில ஊதுபத்தி கொளுத்துறீங்கள்ல, அது மட்டும் ஆகுமாக்கும்" என்று திருப்பிக் கொடுப்பார். இப்போது சிரிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

சந்தனத்தைச் சுரண்டினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. செய்தி வந்தது, வானிலை வந்தது, பழைய பாட்டுகூட வந்தது. கப்பல் பக்கம் மட்டும் வரவில்லை. பிரவுசரில் சேர்ந்திருந்த பழைய குப்பைகளைத் துடைத்தேன், தேதியும் நேரமும் சரியா என்று பார்த்தேன், வேறு பிரவுசரில் திறந்தேன். அதே வரி.

"மத்ததெல்லாம் வருது, இது மட்டும் ஏன் தம்பி வரல?"

"அவங்க பக்கம் கோளாறா இருக்கலாம்ணே."

"ஒரு கப்பலுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தப் பக்கத்த மூடிருவாங்களா?"

"சேச்சே. உலகத்துக் கப்பல் பூரா அதுல இருக்கு. ஒண்ணுக்காக யார் மூடுவா?"

"வீட்டுக்காரங்க பாத்துரக் கூடாதுன்னு மூடலாம்ல."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை.

அந்த நேரம் கதவு திறந்தது. ரஞ்சிதம் அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறவர். காய்ச்சலே வந்தாலும் முப்பது பிள்ளைகளுக்குச் சோறாக்கிவிட்டுத்தான் படுப்பேன் என்கிற ரகம். அந்த வாரம் முழுக்க லீவு போட்டிருக்கிறார் என்று ரபியா சொல்லியிருந்தாள்.

"ரவூப் தம்பியா? அவங்களுக்கு ஏங்க தொந்தரவு குடுக்கறீங்க. தொழுதுட்டு இப்பத்தான் வந்திருப்பாங்க."

"மறுபடி எங்க போன நீ?" என்றார் அண்ணன்.

"கருவேப்பில வாங்க."

"காலையிலதான வாங்குன?"

"அது வாடிப்போச்சு."

அடுப்படிக்குப் போகிற வழியில், "என் போன்லயும் பாத்துட்டேன் தம்பி, வரல" என்று நீட்டிக் காட்டினார். உண்மைதான், வரவில்லை. என் போனை எடுத்துப் பார்த்தேன். அதிலும் வரவில்லை. அப்படியானால் வெப்சைட்தான் படுத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்த வீட்டு வைஃபையைப் போட்டுக் கொடுத்தவனே நான்தான், உள்ளே நுழைந்ததும் என் போன் தானாக அதில் ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. பசி மயக்கம்.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா பால்கனிக் கம்பில் காய்ந்த துணிகளை இழுத்து உள்ளே போட்டார். அண்ணன் மெதுவாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா தம்பி, எண்பத்து நாலோ அஞ்சோ. அங்க வளைகுடாப் பக்கம் ரெண்டு நாட்டுக்குச் சண்ட. எண்ணெய்க் கப்பலப் பாத்துப் பாத்து அடிச்சாங்க. அடிபட்டது ஒண்ணு நம்ம யார்டுக்கு வந்துச்சு. டிரை டாக்ல ஏத்தித் தண்ணிய எறக்கினோம். பக்கவாட்டுல ஓட்ட. ஒரு லாரி உள்ள போகலாம். எங்க தெரியுமா? எஞ்சின் ரூம் பக்கம்."

"பழைய கதைய இப்ப எதுக்குங்க" என்றது அடுப்படி.

"மிசைல் எப்பவும் அங்கதான் அடிக்கும். சூடு இருக்கற எடத்துமேலதான் அதுக்குக் கண்ணு. கருகின தகட்டை வெட்டி எடுக்க என்னை உள்ள அனுப்புனாங்க. குனிஞ்சா, ஒரு சிலிப்பர். நீலக் கலர். ஒரு கால்தான் இருந்துச்சு. இன்னொண்ணத் தேடுனேன், கெடைக்கல. ஃபோர்மன் கத்துறான், வேலையப் பாருன்னு. நான் அந்த இன்னொரு கால் சிலிப்பரத் தேடிட்டே இருந்தேன்." உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார். "எம்புள்ளைக்கு எஞ்சின் ரூம்லதான் வேல."

"அவன் சண்ட இல்லாத வேற பக்கமா சுத்திப் போறான்னுதானே போன வாரம் சொன்னீங்கண்ணே."

"போற பக்கத்தப் பாத்தாத்தான தெரியும்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. "வீட்ல ஒரு லேப்டாப் இருக்கு, அதுல பாத்தா வெப்சைட்டு கோளாறா, உங்க லைன் கோளாறான்னு தெரிஞ்சுடும். இதோ வந்துடறேன்" என்று எழுந்தேன்.

எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் நடைபாதை. பாதி தூரம் போனபோது கையிலிருந்த போன் அவர்கள் வைஃபையை விட்டு என் சொந்த லைனுக்கு மாறியது. நான் தட்டி வைத்திருந்த பக்கம் சட்டென்று திறந்தது. நீலக் கடல், அதன்மேல் அரிசியை இறைத்ததுபோல் அம்புக்குறிகள். நின்ற இடத்திலேயே கப்பல் பெயரைத் தட்டினேன்.

ஸ்டெல்லா நோரா செங்கடல் வாய்க்கு வெளியே இருந்தது. மற்ற அம்புகளெல்லாம் பச்சை, சிவப்பு. இது மட்டும் சாம்பல் நிறம். கீழே ஒரு வரி: கடைசி சிக்னல், திங்கள் இரவு.

யா அல்லா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தக் கடலில் கப்பல்களைக் குறிவைத்து அடிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். கடையில் நாள் முழுக்கச் செய்தி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உலகத்துக்கெல்லாம் திறக்கிற பக்கம் அந்த ஒரு வீட்டில் மட்டும் திறக்கவில்லை என்றால், வீட்டுக்குள்ளிருந்து யாரோ பூட்டியிருக்கிறார்கள்.

திரும்பினேன். ரஞ்சிதம் அக்கா தன் வாசலில் நின்றார். கையில் வெறும் பை. என் கையிலிருந்த போனையும் என் முகத்தையும் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"கொத்தமல்லி வாங்கணும். கீழ வாங்க தம்பி" என்றார்.

லிஃப்டில் இறங்கினோம். கீழ்த்தளத்தில் மாமாக் கடை என்கிற சின்ன மளிகைக் கடைக்காரர் மழைக்குப் பயந்து வெளியே தொங்கிய சாமான்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா கடைப்பக்கம் போகவில்லை. தூண் ஓரத்துச் சிமெண்ட் பெஞ்சில் போய், தினமும் உட்காருகிற இடம்போல உட்கார்ந்தார். போனை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லக்கா. இப்பத்தான் நானே பாத்தேன்."

"திங்கக்கெழம சாயந்தரம் அகிலன் கூப்பிட்டான். அவரு கோயிலுக்குப் போயிருந்தாரு. 'அம்மா, கம்பெனி கடைசி நேரத்துல ரூட்ட மாத்திட்டாங்க. செங்கடல் வழியாத்தான் போறோம். கப்பல் சிக்னல ஆஃப் பண்ணிருவாங்க, எங்க இருக்கோம்னு வெளிய யாருக்கும் தெரியக் கூடாதாம். எங்க நெட்டும் இருக்காது. புதன்கிழம தாண்டிருவோம். தாண்டுன உடனே கூப்பிடுறேன். அப்பாக்குத் தெரிய வேணாம்'ன்னான். யாரோ பின்னால கூப்பிட்டாங்க. வெச்சுட்டான்."

"இன்னிக்கு வெள்ளி."

"வெள்ளின்னு எனக்குத் தெரியாதா தம்பி."

மழை கொட்ட ஆரம்பித்தது. சாரல் எங்கள் காலில் அடித்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

"கம்பெனிக்குக் கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரு பொண்ணு பேசுது. எதுவும் சொல்ல முடியாதாம், செய்தி வந்தா அவங்களே கூப்பிடுவாங்களாம். இன்னிக்கு மறுபடி கூப்பிட்டா லைனே கெடைக்கல. எல்லா வீட்டுலருந்தும் கூப்பிடுவாங்க போல."

"அந்தப் பக்கத்த எப்படிக்கா பூட்டுனீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. அவன் ஓ லெவல் பரீட்ச எழுதுறப்ப."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த ஊரில் பிள்ளைக்குப் பரீட்சை வருஷம் வந்தால் அம்மாக்கள் வார்டன் ஆகிவிடுவார்கள். விருந்தாளி வரக் கூடாது, டிவி கூடாது, இன்டர்நெட்டுக்குப் பூட்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் என் கடைக்கு வருகிற கூட்டத்தில் பாதி அதுதான்: "கேம் தொறக்கக் கூடாது, ஆனா ஸ்கூல் வேல செய்யணும், அப்படிப் போட்டுக் குடுங்க." எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ரஞ்சிதம் அக்கா மட்டும், போட்டுக் கொடுத்தால் போதாது, தானே போடக் கற்றுக்கொடுங்கள் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய், இரண்டு தடவை என் முன்னால் செய்து காட்டினார். பாஸ்வேர்ட் வைக்கும்போது என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.

"அந்த கேமெல்லாம் இன்னும் பூட்டியேதான் கெடக்கு. அவன் பரீட்ச எழுதி முடிச்சான், வேலைக்கும் போயிட்டான், நான்தான் எடுக்கவே இல்ல. அதுங்களோட இதையும் சேத்துட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எனக்குக் கப்பல்னா ஒரு அம்புக்குறி தம்பி. அவருக்கு உள்ள ஒவ்வொரு தகடும் தெரியும். தகடு எப்படிக் கிழியும்னு தெரியும். அந்தச் சாம்பல் கலரப் பாத்தா அவரு நெஞ்சு தாங்குமா? ரெண்டே நாள்தான, சமாளிச்சுரலாம்னு நெனச்சேன். இப்பப் பாருங்க. மேல இருந்தா நெட்டு பூட்டியிருக்கு, எனக்கும் தெரியாது. கீழ வந்தாத்தான் தெரியும். எத்தன தடவதான் கருவேப்பில வாங்குறது."

தைரியம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் புதன்கிழமை போய்விட்டது.

மடியில் இருந்த போன் அடித்தது. இருவரும் ஒரேயடியாகத் துள்ளினோம். அகிலன் இல்லை. மேலேயிருந்து அண்ணன்.

"எங்க இருக்க?" அவர் குரல் எனக்கே கேட்டது. "நான் கிளம்பறேன். கம்பெனி ஆபீசுக்கு நேர்லயே போயிட்டு வந்துடறேன்."

"இந்த மழையிலயா? இருங்க, இதோ வந்துட்டேன்."

லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக ஏறியது. அக்கா பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். கதவு திறந்தபோது அண்ணன் நடைபாதையில் நின்றார். சட்டை மாட்டி, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். காலில் ஷூ. ஒரு கையில் குடை, இன்னொரு கை நெஞ்சில். முகம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது.

"மாத்திர போட்டீங்களா?" என்றார் அக்கா.

"நகரு."

"இப்படியே எம்ஆர்டி ரயில் ஏறி எங்க போவீங்க? நடுவழியில விழுந்தா?"

"விழுந்தா விழறேன். எம்புள்ள எங்கன்னு யாராச்சும் எனக்குச் சொல்லணும். அந்த வெப்சைட்டுக்காரன் சொல்லல, நீயும் சொல்லல. உனக்கு எப்படிச் சோறு எறங்குது? கருவேப்பில வாங்கிட்டுத் திரியற."

அக்கா அவர் கையிலிருந்த குடையை வாங்கிச் சுவரில் சாய்த்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து, அவர் விழுங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"கப்பலைப் பாக்கணும், அவ்வளவுதான? உக்காருங்க. காட்டுறேன்."

"நீயா?"

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். ரவுட்டர் பக்கத்தைத் திறந்தார். பாஸ்வேர்ட் கேட்டது. நான் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பின்னால் எழுத்துகள் ஒவ்வொன்றாக, தயங்காமல் விழுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்ட அண்ணனுக்கும் புரிந்திருக்கும்.

"நீதான் மூடுனியா" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகவும் சொல்லவில்லை.

பக்கம் திறந்தது. கடல் வந்தது, அம்புகள் வந்தன. அக்கா கப்பல் பெயரைத் தட்டிவிட்டு எழுந்து நகர்ந்தார். அண்ணன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். திங்கட்கிழமைச் சாயங்காலம் வந்த போனைப் பற்றி அக்கா அவர் முதுகைப் பார்த்துச் சொல்லி முடித்தார். மாற்றின ரூட்டு, அணைத்த சிக்னல், புதன்கிழமை என்று சொன்ன வாக்கு, கம்பெனிப் பெண், எதையும் விடவில்லை.

அண்ணன் ஆள்காட்டி விரலைத் திரையில் அந்தச் சாம்பல் அம்பின்மேல் வைத்தார். மெதுவாக மேலே நகர்த்தினார்.

"செவ்வாய்க் காலையில இங்க இருப்பான். ராத்திரிதான் அந்தக் குறுகின எடம். வெளிச்சம் இல்லாமப் போவாங்க. புதன் மத்தியானம் இங்க. சாயந்தரம்..." விரல் நின்றது. அதற்குமேல் கடல் இன்னும் இருந்தது, விரல்தான் போகவில்லை. "கூப்பிட்டானா?"

"இல்லங்க."

"உனக்கும் கூப்பிடலயா?"

"இல்லங்க."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தூக்கித் திரிந்த பிள்ளை அகிலன். சின்னப் பையனாக, அந்த வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று பெட்டியைப் பிரிக்க விடாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னிடம் விலை பேசியவன்.

"மூடிரு" என்றார் அண்ணன்.

"என்ன?"

"பழையபடி பூட்டிரு. நான் கேக்க மாட்டேன். நெட்டு ரிப்பேர்னே வெச்சுக்கறேன். அவன் கூப்பிட்டப்பறம் தொற." என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களாச்சும் மூடுங்க. என்னால இதப் பாக்க முடியல."

இத்தனை நேரம் திற திற என்று நின்ற மனிதர் அவர். மவுஸ் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"தொடாதீங்க தம்பி" என்றார் அக்கா. அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "முடியாதுங்க. கீழ அந்தக் கல்லுல தனியா உக்காந்து பாத்துட்டு, மேல வந்து ஒண்ணும் நடக்காத மாதிரி உங்களுக்குச் சோறு போட இனிமே என்னால முடியாது. லிஃப்ட்ல வர்றப்பவே மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வரணும். நாலு நாளா கண்ணு மூடல. எனக்குப் பயமா இருக்குங்க. எனக்கும் அவன் புள்ளதான்."

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு அடுப்படி மேடையைப் பார்த்தார். அங்கே கருவேப்பிலைக் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சில கட்டுகளில் ரப்பர் பேண்டைக்கூட அவிழ்க்கவில்லை. எழுந்து போய்ச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"உக்காரு" என்றார். "இத்தன தடவையா கீழ போன?"

அக்கா உட்கார்ந்தார்.

ரபியா கிரில்லைத் திறந்துகொண்டு வந்தாள். என்னைக் காணாமல் தேடி வந்திருக்கிறாள், கையில் எனக்கென்று மூடிய தட்டு. கூடத்தில் எங்களைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு அக்காவின் தோளில் கை வைத்தாள். நான் தாழ்ந்த குரலில் இரண்டு வரியில் சொன்னேன். அவள் உதடு மட்டும் அசைந்தது, துஆ ஓதுகிறாள் என்று தெரிந்தது. பிறகு பெண்களுக்கே உரிய யோசனை, அடுப்படிக்குப் போய் அந்தக் கட்டுகளையெல்லாம் அள்ளி வந்து, பழைய பேப்பரை விரித்துத் தரையில் உட்கார்ந்து இலையை உருவ ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கட்டை எடுத்தேன்.

"இவ்வளவையும் என்னக்கா பண்ணப் போறீங்க?" என்றாள் ரபியா.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வறுத்துப் பொடி பண்ணி வெக்கலாம். அவனுக்குப் பிடிக்கும். கப்பல்ல எதப் போட்டாலும் அதத் தூவித்தான் திம்பான்."

அண்ணன் மவுஸை அழுத்தினார். பக்கம் ஒருமுறை வெளுத்து மறுபடி வந்தது. சாம்பல் அம்பு அதே இடத்தில் இருந்தது.

"போன தடவ ஒரு பாட்டில் பத்தலன்னான்" என்றார்.

"இந்தத் தடவ ரெண்டாப் போட்டுடலாம்."

"மூணாப் போடு. மத்தவங்களும் கேப்பாங்க."

"சரி" என்றார் அக்கா. "இன்னொரு தடவ பாருங்க."

அண்ணன் மறுபடியும் அழுத்தினார்.